முப்பது ரூபாய் வேலைக்கு ஒரு விண்ணப்பம்

எந்த ஊர் பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையிலும் ராசிபலன், கோலப் புத்தகம், முப்பது நாளில் இந்தி இவற்றுக்கு நடுவே ஒரு புத்தகம் தொங்கும். வேலை கிடைக்க நூறு வழிகள், இன்டர்வியூவில் ஜெயிப்பது எப்படி என்கிற மாதிரி ஒரு தலைப்பு. அட்டையில் டை கட்டிய ஓர் ஆள் கையை நீட்டிச் சிரித்துக்கொண்டிருப்பார். உள்ளே மாதிரி விண்ணப்பங்கள். பெயரையும் தேதியையும் மாற்றிக்கொண்டால் போதும். இப்போது அதே சரக்கு செல்போனில் வீடியோவாக வருகிறது. ஏ.ஐ.யிடம் கேட்டால் அரை நிமிஷத்தில் எழுதியே கொடுத்துவிடுகிறது. டை மட்டும் இல்லை.

இந்தப் புத்தகங்களுக்கு யாரும் விமரிசனம் எழுதுவதில்லை. நாவலுக்கு எழுதுகிறோம், கவிதைக்கு எழுதுகிறோம், சினிமாவுக்கு முதல் காட்சி முடிவதற்குள் எழுதிவிடுகிறோம். ஒருத்தன் தன் அடுத்த மாசச் சாப்பாட்டை நம்பிப் படிக்கிற புத்தகத்தை மட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை. என்னைக் கேட்டால் வேலைக்கான விண்ணப்பமும் ஓர் எழுத்து வடிவம்தான். ஒரு பக்கம், ஒரே ஒரு வாசகர், அவரும் அவசரத்தில் இருப்பவர். சிறுகதை எழுதுகிறவர்களுக்குக்கூட இத்தனை நெருக்கடி கிடையாது.

அதனால் இந்த வாரம் விமரிசனத்துக்கு ஒரு விண்ணப்பத்தை எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர் கும்பகோணத்துப் பையன். வயது 24. எழுதிய தேதி 1912 பிப்ரவரி 9. எழுதிய இடம் சென்னை திருவல்லிக்கேணி. கேட்டது சென்னைத் துறைமுகத்தின் கணக்குப் பிரிவில் ஒரு குமாஸ்தா வேலை. கடிதத்தின் கீழே எஸ். ராமானுஜன் என்று கையெழுத்து.

ஆமாம், அந்த ராமானுஜன்தான்.

* * *

கணித மேதை என்றதும் நமக்கு நாமகிரித் தாயார், டாக்ஸி நம்பர் 1729, கேம்பிரிட்ஜ் குளிர் எல்லாம் ஞாபகம் வரும். ராபர்ட் கனிகல் 1991-ல் எழுதிய வாழ்க்கை வரலாறு, அதை வைத்து 2015-ல் வந்த ஆங்கிலப் படம், 2014-ல் ஞான ராஜசேகரன் எடுத்த படம் எல்லாம் சேர்ந்து நம் மனசில் ஒரு சித்திரத்தைப் பதித்துவிட்டன. அந்தச் சித்திரத்தில் மறைந்துபோகிற ஒன்று உண்டு. கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் எழுதுவதற்கு முன்னால் ராமானுஜன் பல வருஷம் வேறு ஒரு தொழில் பார்த்தார். வேலை தேடுகிற தொழில்.

கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் சின்ன வீடு. அப்பா சீனிவாச ஐயங்காருக்குத் துணிக்கடையில் கணக்கு எழுதுகிற வேலை. பையன் டவுன் ஹைஸ்கூலில் கணக்குக்காகப் பரிசு வாங்கி 1904-ல் வெளியே வருகிறான். அரசு கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு இடம் கிடைக்கிறது. தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பெயர் வாங்கிய கல்லூரி அது. கணக்கைத் தவிர வேறு எதையும் படிக்க மாட்டேன் என்று உட்கார்ந்ததில் இங்கிலீஷில் பெயில்; உபகாரச் சம்பளம் போயிற்று. 1905-ல் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓட்டம். திரும்பி வந்து சென்னை பச்சையப்பன் கல்லூரி. எஃப்.ஏ. பரீட்சையில் 1906-ல் ஒரு தடவை, 1907-ல் ஒரு தடவை கோட்டை விட்டாயிற்று.

அப்புறம் திண்ணைதான். சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, மறுபடி போட்டுக்கொண்டிருந்த பிள்ளையை அந்தத் தெரு எப்படிப் பார்த்திருக்கும் என்று கும்பகோணத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1909-ல் கால்கட்டும் போட்டாயிற்று. கல்யாணம் ஆனவனுக்குத் திண்ணை சொந்தமில்லை. வேலை தேடியாக வேண்டும்.

கையில் என்ன இருக்கிறது? மெட்ரிகுலேஷன் பாஸ். எஃப்.ஏ. இரண்டு முறை பெயில். அனுபவம் பூஜ்யம். இன்றைக்கு ஹெச்.ஆர். மேஜையில் இந்த ரெஸ்யூமே வந்தால் எத்தனை நொடி தங்கும்?

* * *

விண்ணப்பத்துக்கு வருவோம். மொத்தம் ஐந்தே வாக்கியம்.

முதல் வாக்கியத்தில், உங்கள் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா இடம் காலியாக இருப்பதாக அறிகிறேன், அதற்கு விண்ணப்பிக்கிறேன் என்கிறார். வணக்கங்களும் தோரணமும் இல்லை. உங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தின் வளர்ச்சியில் பங்கு பெறுவது என் நெடுநாள் கனவு என்கிற பேச்சு இல்லை. குமாஸ்தா வேலை யாருக்கும் நெடுநாள் கனவாக இருந்ததில்லை என்பது எழுதுகிறவருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும்.

இரண்டாவது வாக்கியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. மெட்ரிகுலேஷன் தேறியிருக்கிறேன், எஃப்.ஏ. வரை படித்தேன், சில பாதகமான சூழ்நிலைகளால் மேலே தொடர முடியவில்லை என்று முடித்துவிடுகிறார். கவனியுங்கள். மெட்ரிகுலேஷனுக்கு 'தேறினேன்'. எஃப்.ஏ.வுக்கு 'வரை படித்தேன்'. பொய் இல்லை. பெயில் என்ற சொல்லும் இல்லை. ஓடிப்போனது, உடம்புக்கு முடியாமல் போனது, இரண்டு தடவை தவறியது, உபகாரச் சம்பளம் பறிபோனது என்று ஏழெட்டு வருஷத்து வேதனையை ஒரு துணுக்கில் சுருட்டி வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்.

நம் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அரியர் இருந்தால் ஒன்று மறைக்கிறார்கள், இல்லையென்றால் ஒரு பக்கத்துக்கு விளக்கம் சொல்கிறார்கள். புரொபசருக்கு என்மேல் கோபம் சார், அந்த செமஸ்டரில் தாத்தா தவறிட்டார் சார். மறைத்தால் சர்டிபிகேட் சரிபார்க்கிற அன்று மாட்டிக்கொள்வீர்கள். விளக்கினால் கேட்கிறவர் மனசில் அந்தப் பெயில் மட்டும்தான் நிற்கும். ராமானுஜன் செய்ததுதான் சரி. உள்ளதை ஒரு வரியில் சொல், குரல் தழுதழுக்காமல் சொல், நகர்ந்து போ.

மூன்றாவது வாக்கியம்: என் நேரம் முழுவதையும் கணிதத்திலும் அதை வளர்ப்பதிலும் செலவிட்டு வருகிறேன். ஒரு விமரிசகனாக நான் பேனாவை வைத்துவிட்டு யோசிப்பது இங்கேதான். கடிதத்தின் பலமும் இதுதான், பலவீனமும் இதுதான். குமாஸ்தா வேலைக்கு மனுப் போடுகிற ஒருவர், போகிற போக்கில், நான் கணிதத்தை வளர்த்துக்கொண்டிருக்கிறேன் என்கிறார். அது முழு உண்மை. ஆனால் படிக்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? இந்திய கணிதச் சங்கத்தின் பத்திரிகையில் 1911-லேயே பெர்னூலி எண்கள் பற்றி அவருடைய கட்டுரை வெளியாகிவிட்டது. அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அக்கவுன்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் மாதம் இருபது ரூபாய்க்குத் தற்காலிக வேலை பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறார், அதுவும் இல்லை. கையில் இருந்த இரண்டு நல்ல சீட்டையும் கவிழ்த்து வைத்துவிட்டு ஆடியிருக்கிறார்.

நான்காவது வாக்கியம், நியமித்தால் என் வேலைக்கு நியாயம் செய்ய முடியும் என்று உறுதியாக நம்புகிறேன் என்பது. மூன்றாவது வாக்கியத்தைப் படித்து, இந்தப் பையன் லெட்ஜரை விட்டுவிட்டு வேறு எதையாவது எழுதிக்கொண்டிருப்பானோ என்று அதிகாரிக்கு வருகிற சந்தேகத்துக்கு இது பதில். ஐந்தாவது, வேலையைத் தந்து உதவ வேண்டுகிறேன். முடிந்தது.

இல்லாதது எது என்றும் பார்க்க வேண்டும். வறுமை இல்லை. வயதான பெற்றோர் இல்லை. கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகப்போகிறது என்பது இல்லை. இத்தனைக்கும் அவர் வறுமை புனைவு அல்ல. நம்மூர் மனுக்களில் பாதி இடத்தை எடுத்துக்கொள்வது குடும்பக் கஷ்டம்தான். ஏழைக் குடும்பத்தைச் சேர்ந்தவன், என் வருமானத்தை நம்பி ஐந்து ஜீவன்கள் என்று எழுதுவோம். அது நிஜமாக இருக்கலாம். ஆனால் அது வேலை கேட்பதாகாது, உதவி கேட்பதாகும். இரண்டுக்கும் பீரோவில் வேறு வேறு தட்டு.

குறை ஒன்றும் சொல்ல வேண்டும். அந்த 'வேண்டிக்கொள்கிறேன்', 'தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்' பாணி. அது வெள்ளைக்கார அலுவலகத்தின் அச்சு. 1912-ல் அதைத் தவிர்த்திருக்க முடியாது. நாம் தவிர்க்கலாம். வெள்ளைக்காரன் போய் இத்தனை வருஷம் கழித்தும் மாதிரி விண்ணப்பப் புத்தகங்களில் அந்தக் கூனல் நிமிரவில்லை என்பதுதான் என் குறை.

* * *

இந்த ஐந்து வாக்கியத்துக்கா வேலை கிடைத்தது? இல்லை. கூடவே இன்னொரு காகிதம் போயிற்று. பிரசிடென்சி கல்லூரியின் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் எழுதிய சிபாரிசு. அதில் அவர், இந்த இளைஞருக்குக் கணிதத்தில், அதிலும் எண்கள் சார்ந்த வேலையில், அசாதாரணமான திறமை என்று சொல்லிவிட்டு, கணக்கிடுவது இவருக்கு இயல்பாக வரும், எண்களைக் கையாளுவதில் வெகு வேகம் என்றும் சேர்க்கிறார்.

அந்தக் கடைசி விஷயத்தை இன்னொரு தடவை படியுங்கள். முடிவிலித் தொடர்கள், நீள்வட்டச் சார்புகள் என்று திரிகிற ஒரு மூளையைப் பற்றி, கூட்டல் கழித்தலில் வேகம் என்கிறார். கணிதக்காரர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் துறைமுகத்துக்கு வேண்டியது அதுதானே? மிடில்மாஸ்ட் செய்தது மொழிபெயர்ப்பு. பையனிடம் இருப்பதை, அலுவலகம் தேடுகிற சொல்லில் சொல்லிவிட்டார்.

வேலை தேடுகிறவர்களுக்கு இதைவிட உபயோகமான பாடம் எந்த வழிகாட்டியிலும் நான் பார்க்கவில்லை. உங்களிடம் இருக்கிற சரக்கின் பெயரும் அவர்கள் தேடுகிற சரக்கின் பெயரும் வேறு வேறாக இருக்கும். கும்பகோணத்தில் அப்பாவின் பாத்திரக் கடையில் மூன்று வருஷம் உட்கார்ந்த பையன் ரெஸ்யூமேயில் 'அனுபவம்: இல்லை' என்று எழுதுகிறான். எடை போட்டு பில் போட்டிருக்கிறான், கல்யாண சீசனில் ஸ்டாக் சமாளித்திருக்கிறான், கடன் வைத்தவரிடம் சண்டை வராமல் பணம் வசூலித்திருக்கிறான். இதற்கெல்லாம் கம்பெனிகளில் தனித்தனி டிபார்ட்மென்ட் இருக்கிறது. பெயர்தான் அவனுக்குத் தெரியவில்லை.

1912 மார்ச் 1-ந் தேதி ராமானுஜன் வேலையில் சேர்ந்தார். சம்பளம் மாதம் முப்பது ரூபாய்.

* * *

சிபாரிசு கிடைப்பதற்கு முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் இதுவும் இன்னொரு வழிகாட்டிப் புத்தகமாகிவிடும்.

1910-ல் ராமானுஜன் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டர் வி. ராமசாமி ஐயர். 1907-ல் இந்திய கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர். தாலுகா ஆபீஸில் ஒரு குமாஸ்தா வேலை போட்டுக் கொடுங்கள் என்று கேட்கப் போனவர், கையில் சர்டிபிகேட்டோடு நிற்கவில்லை, நோட்டுப் புத்தகங்களைக் கொண்டுபோனார். புரட்டிப் பார்த்த ராமசாமி ஐயர் வேலை தரவில்லை. ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் உட்காரவைத்து இந்த மேதையை நெரித்துவிட எனக்கு மனமில்லை என்ற பொருளில் பிற்பாடு எழுதினார்.

மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறவருக்கு இப்படிச் சொல்வது சுலபம். பையனுக்கு மத்தியானச் சாப்பாடு யார் போடுவது? ஆனால் ராமசாமி ஐயர் கை கழுவிவிடவில்லை. சென்னைக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அங்கே பி.வி. சேஷு ஐயர்; கும்பகோணம் கல்லூரியில் இருந்து பையனை அறிந்தவர். அவர் இன்னொரு கடிதம் கொடுத்து நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவிடம் அனுப்பினார்.

அந்தச் சந்திப்பை ராமச்சந்திர ராவே எழுதி வைத்திருக்கிறார். குட்டையான, பருத்த உருவம், சவரம் செய்யாத முகம், அத்தனை சுத்தம் என்று சொல்ல முடியாது, கக்கத்தில் நைந்துபோன நோட்டு, கண்ணில் மட்டும் ஒரு பிரகாசம். இன்டர்வியூ வழிகாட்டிகள் சொல்கிற முதல் ஐந்து விதியையும் பையன் வாசலிலேயே மீறிவிட்டான்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். முதல் நாள் ராமச்சந்திர ராவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இது அர்த்தமுள்ள பேச்சா, பிதற்றலா என்று தீர்மானிக்கத் தன் படிப்பு போதவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். மறுபடி வரச் சொன்னார். மறுபடி போன ராமானுஜன், எதிரே இருப்பவருக்கு எவ்வளவு தெரியும் என்று எடை போட்டுக்கொண்டு, எளிமையான முடிவுகளில் ஆரம்பித்துப் படிப்படியாகக் கஷ்டமானவற்றுக்கு அழைத்துப் போனார். கடைசியில் ராவ், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்க, ஆராய்ச்சியைத் தொடர ஏதோ உயிர் வாழ்கிற அளவுக்குக் கிடைத்தால் போதும் என்றார். மாதம் 25 ரூபாய் ராவின் சொந்தப் பணத்திலிருந்து வர ஆரம்பித்தது. அதையும் ராமானுஜன் வெகுநாள் வாங்கவில்லை. யாருக்கும் பாரமாக இருக்க மனமில்லாமல்தான் வேலைக்கு வந்தார்.

எதிரே இருப்பவருக்குப் புரிகிற இடத்தில் ஆரம்பி. இது கோட்டு, டை, கை குலுக்கல் எல்லாவற்றையும்விடப் பெரிய இன்டர்வியூ ரகசியம். துறைமுகத்தில் மேலதிகாரியாக இருந்த எஸ். நாராயண ஐயரும் இதையே வேறு மாதிரி சொன்னதாகப் படிக்கிறோம். ராத்திரி இரண்டு பேரும் சிலேட்டோடு உட்கார்ந்தபோது, உன்னுடைய இரண்டு படிகளுக்கு நடுவில் எனக்காகப் பத்துப் படி எழுது, என் அளவுக்கு இறங்கி வா என்றாராம். புத்திசாலிப் பிள்ளைகள் பல பேர் வேலை கிடைக்காமல் நிற்பது அந்தப் பத்துப் படியை எழுதச் சோம்பல்பட்டுத்தான்.

ராமானுஜன் கற்றுக்கொண்டார் என்பதற்கு அடுத்த கடிதம் சாட்சி. 1913 ஜனவரி 16, கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு எழுதியது. அதற்கு முன் அங்கே வேறு இரண்டு கணித மேதைகளுக்கு எழுதிப் பயனில்லை. ஹார்டிக்கு எழுதியதில் முதல் வரியிலேயே, நான் துறைமுகக் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுன் சம்பளம் வாங்கும் குமாஸ்தா என்று சொல்லிவிடுகிறார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறார். ஏழை என்பதைச் சொல்கிறார். ஆனால் அச்சிடச் செலவு செய்ய முடியாது என்பதற்காக மட்டும். கூடவே பக்கம் பக்கமாக, நூறுக்கு மேற்பட்ட தேற்றங்கள். முந்தின வருஷம் 'கணிதத்தை வளர்க்கிறேன்' என்று சொன்னவர், இந்த முறை இதோ பாருங்கள் என்று எடுத்து வைக்கிறார். 11 மாசத்தில் இத்தனை முன்னேற்றம். இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கல்லூரிகளில் பாடமாகச் சொல்லிக் கொடுக்கலாம். 1913 மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 14 மாச குமாஸ்தா உத்தியோகம் முடிந்தது. 1914 மார்ச் 17-ந் தேதி கப்பல் ஏறினார்.

* * *

இத்தோடு நிறுத்தினால் கேட்க இனிமையாக இருக்கும். திறமை இருந்தால் எப்படியும் மேலே வந்துவிடலாம், முயற்சி திருவினையாக்கும், வணக்கம். வழிகாட்டிப் புத்தகங்கள் இங்கேதான் நிறுத்துகின்றன. எனக்கு இங்கேதான் தொண்டையில் முள்.

பெயர்களைத் திரும்பப் பாருங்கள். ராமசாமி ஐயர், சேஷு ஐயர், ராமச்சந்திர ராவ், நாராயண ஐயர். எல்லோரும் படித்த, பதவியில் இருந்த பிராமணர்கள். கணிதச் சங்கத்தில் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். நல்ல மனிதர்கள், அவர்கள் இல்லையென்றால் ராமானுஜன் இல்லை. கதவுகள் அவருக்கும் சுலபமாகத் திறக்கவில்லை. ஏழைப் பிள்ளையாகப் படியேறி நின்றார். ஆனால் ஏறிப் போகிற வாசல்படி என்று ஒன்று அவருக்கு இருந்தது. அதே 1910-ல் கும்பகோணத்தைச் சுற்றிய வயல்களில் நாற்று நட்டுக்கொண்டிருந்த குடும்பங்களில், சாரங்கபாணி சன்னிதித் தெருவுக்குள் உரிமையோடு நடக்க முடியாத சேரிகளில், எண்களோடு விளையாடத் தெரிந்த ஒரு பிள்ளை இருந்திருக்காதா? அவன் கையில் நோட்டே இருந்திருக்காது. இருந்திருந்தாலும் எந்த டெபுடி கலெக்டரின் திண்ணையில் போய் உட்காருவான்?

இது நானாகக் கிளப்புகிற கேள்வி இல்லை. அந்தக் காலத்திலேயே கேட்டார்கள். அரசாங்க உத்தியோகங்கள் யார் கையில் இருக்கின்றன என்று 1916 பிராமணரல்லாதார் அறிக்கை கணக்குப் போட்டுக் காட்டியது. 1921-ல் வகுப்புவாரி உத்தரவு வந்தது. 1929-ல் சென்னை மாகாணத்துக்குத் தேர்வாணையம் வந்தது. இன்று நாம் டி.என்.பி.எஸ்.சி. என்று சொல்வதற்கு மூதாதை அதுதான். யாருடைய திண்ணையும் வேண்டாம், பரீட்சை எழுது, மார்க்கைக் காட்டு. பல லட்சம் குடும்பங்களில் முதல் சம்பளக் கவரைக் கொண்டுவந்தது இந்த ஏற்பாடுதான்.

சரி, இன்றைக்கு ராமானுஜன் அதே குமாஸ்தா வேலைக்குப் போனால்? குரூப் 4 எழுதலாம். பத்தாவது பாஸ் போதும், எஃப்.ஏ. பெயிலானதை யாரும் கேட்க மாட்டார்கள். விண்ணப்பக் கடிதமே கிடையாது, இன்டர்வியூவும் கிடையாது. 200 கேள்வி. அதில் கணக்கும் அறிவுக்கூர்மையும் 25. அந்த 25-ஐ நம்மாள் காபி ஆறுவதற்குள் போட்டுவிடுவார். மீதி 175-ல் தமிழ் 100, பொது அறிவு 75. கணக்கைத் தவிர எதையும் படிக்க மாட்டேன் என்று கும்பகோணம் கல்லூரியில் உட்கார்ந்த பையன் இங்கே என்ன செய்வான் என்று உங்களுக்கே தெரியும். லட்சக்கணக்கான பேர் எழுதுகிற பரீட்சையில் காணாமல் போவான். நைந்த நோட்டை உள்ளே கொண்டுபோகவும் விடமாட்டார்கள்.

பரீட்சைக்கு நோட்டுப் புத்தகம் தெரியாது. சிபாரிசுக்கு அடுத்த தெரு தெரியாது. நம்மிடம் இருக்கிற இரண்டு வாசலும் இப்படித்தான். முதலாவது எல்லோருக்கும் திறந்திருக்கிறது, ஆனால் ஒரே அளவு ஆட்கள்தான் நுழைய முடியும். இரண்டாவது எந்த அளவு ஆளையும் உள்ளே விடும், ஆனால் தெரிந்தவனாக இருக்க வேண்டும். தனியார் கம்பெனிகளில் இப்போது இரண்டாவதற்கு 'ரெஃபரல்' என்று பெயர். உள்ளே வேலை பார்ப்பவர் பெயர் சொன்னால் ரெஸ்யூமே மேலே வருகிறது. சென்னை ஓ.எம்.ஆரில் அண்ணன் வேலை பார்க்கிற பையனுக்கு அது வழி. குடும்பத்தில் முதல் முதலாகக் கல்லூரிக்குப் போன திருப்பனந்தாள் பக்கத்துப் பெண்ணுக்கு அண்ணன் எங்கே இருக்கிறான்?

அவளிடம் 'நம்பிக்கையோடு இரு, புன்னகை செய்' என்று சொல்கிற புத்தகங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம் இதுதான். பொய் சொல்கின்றன என்பதில்லை. பாதியை மட்டும் சொல்கின்றன. வேலை கிடைக்காதது முழுக்க அவள் குற்றம் என்று நம்பவைத்துவிடுகின்றன.

ஆகவே வேலை தேடுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். பரீட்சையை எழுதுங்கள், அதை விடாதீர்கள். கூடவே உங்களுக்கென்று ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். சர்டிபிகேட் அல்ல, செய்த வேலை. எழுதிய புரோகிராம், தைத்த துணி, வரைந்த பிளான், சரி செய்த மோட்டார், எதுவானாலும் எடுத்துக் காட்டுகிற மாதிரி. அதைப் படிக்கத் தெரிந்த ஆள் யார் என்று தேடுங்கள். சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. அதே தொழிலில் இருந்தால் போதும். ஹார்டி ராமானுஜனுக்கு ஒன்றும் சொந்தமில்லை, சொந்த ஊருமில்லை. முதல் இரண்டு பேர் பதில் போடாவிட்டால் மூன்றாவது ஆளுக்கு எழுதுங்கள். எழுதும்போது அந்தப் பத்துப் படியை மறக்காதீர்கள்.

ஆனால் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் வேலை தேடுகிறவர்கள் இல்லை என்பது எனக்குத் தெரியும். பாங்கில், கம்பெனியில், காலேஜில், ஏதோ ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. ராமச்சந்திர ராவ் செய்ததில் பெரிய விஷயம் 25 ரூபாய் இல்லை. புரியாத ஒன்றைப் பார்த்ததும் 'பார்க்கலாம், போய் வா' என்று அனுப்பாமல், 'நாளைக்கு மறுபடி வா' என்றார். ஷேவ் பண்ணாதவனை, சுத்தமில்லாதவனை, பெயிலானவனை.

அடுத்த முறை உங்கள் மேஜைக்கு யாராவது ஒரு நைந்த நோட்டோடு வந்து நின்றால், பெயர், ஊர், தெரு விசாரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அதைக் கையில் வாங்கி இரண்டு பக்கம் புரட்டுங்கள்.